புத்தர் திருவுருவம்: கையும் சீவரமும் கண்ணும்

தொடக்ககாலப் பௌத்தச் சிற்பங்களில் புத்தருக்கு மனித உருவம் இல்லை. சாஞ்சியிலும் பார்ஹூத்திலும் அவர் அமர வேண்டிய இடத்தில் வெற்று இருக்கை, போதிமரம், பாதச்சுவடு, சக்கரம் ஆகியவையே வணங்கப்படுகின்றன. கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளில், குஷாணர் காலத்தில், காந்தாரத்திலும் மதுராவிலும் திருமேனி வடிவம் பெற்றது. காந்தாரத்தில் சாம்பல் நிறக் கல். கிரேக்க, ரோமானியச் சாயலில் அலையலையான கூந்தல், இரு தோளையும் மூடும் கனத்த மடிப்பாடை. மதுராவிலோ புள்ளி விழுந்த செம்மணற்கல்; வலத்தோள் திறந்திருக்க, வலக்கை அபயம் காட்டும்.

சில இலக்கணங்கள் எல்லா மரபுக்கும் பொது. உச்சியில் உஷ்ணீஷம் என்னும் புடைப்பு, புருவ நடுவில் ஊர்ணை என்னும் மயிர்ச்சுழி, அரச குமாரனாகக் கனத்த குண்டலம் அணிந்ததால் தொங்கும் காது மடல். எந்த நிகழ்ச்சி என்பதைக் கைதான் சொல்லும். வலக்கை விரல் நிலத்தைத் தொட்டால், சோதிக்க வந்த மாரனை வென்று பூமியைச் சாட்சிக்கு அழைத்த வேளை. இரு கைகளும் மார்பருகே கூடினால் முதல் உபதேசம். 5ஆம் நூற்றாண்டுச் சாரநாத் புத்தரை இம்முத்திரையின் உச்சம் எனலாம். அந்த மேனியில் துணி மடிப்பே கிடையாது. கழுத்தோரத்திலும் மணிக்கட்டிலும் ஓடும் மெல்லிய விளிம்பைக் கொண்டுதான் சீவரம் என்னும் துறவாடை உடுத்தியிருப்பதே தெரிகிறது.

தெற்கே, அமராவதிச் சிற்பியின் சீவரம் இடத்தோளிலிருந்து வரிவரியாக இறங்கி அடியில் தடித்த விளிம்பாகச் சுருளும். இம்மரபு இலங்கையில் வேரூன்றியது. அவுக்கனையில் பாறையிலேயே செதுக்கப்பட்டு, 12 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் புத்தரிடம் அந்த வரிகளைக் காணலாம். பொலன்னறுவைக் கல் விகாரையில், 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு காலத்தில் செதுக்கிய சயனத் திருவுருவம் நுட்பத்தில் இணையற்றது. தலை அழுந்தித் தலையணை குழிந்திருக்கிறது. மேற்பாதம் சற்றே பின்வாங்கியிருப்பது பரிநிர்வாணத்தின் குறி.

நாகப்பட்டினத்தில் சோழர் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரை இருந்தது. அவ்வூரில் கிடைத்த செப்புத் திருமேனிகள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் உஷ்ணீஷத்தின் மேல் ஞானத்தைக் குறிக்கும் தீச்சுடர் எழுகிறது. தாய்லாந்தின் சுகோதை மரபில் அச்சுடர் இன்னும் நீண்டது; குதிகாலை உயர்த்தி நடக்கும் புத்தரைத் தனிச் சிலையாக வடித்துச் சிறந்ததும் அம்மரபே.

கிழக்காசியாவில் உருவத்தின் பெயரையே கவனித்தாக வேண்டும். ஜப்பானின் காமகுராவில் வெட்டவெளியில் அமர்ந்திருக்கும் வெண்கலப் பேருருவம் கௌதமர் அல்லர், மேற்கிலுள்ள சுகாவதி என்னும் தூய உலகின் புத்தரான அமிதாபர். கடைகளில் விற்கும் தொந்தி பெருத்த சிரிக்கும் உருவமும் கௌதமர் அல்லர். வருங்கால புத்தரான மைத்ரேயரின் அவதாரமாகச் சீனர் போற்றிய பூதாய் என்னும் துறவி.

கண் திறக்கும் சடங்கு பல நாடுகளுக்குப் பொது. இலங்கையில் சிற்பாசாரி சிலைக்கு முதுகு காட்டி, கண்ணாடியில் பார்த்தே விழி தீட்டுவார். ஜப்பானின் நாரா நகரத் தோதைஜிக் கோயில் பெருஞ்சிலைக்கு 752இல் விழி தீட்டியவர் இந்தியத் துறவி போதிசேனர். தூரிகையில் கட்டிய நீண்ட கயிறுகளைக் கூடியிருந்தோரும் பற்றிப் புண்ணியத்தில் பங்கு பெற்றனர். அத்தூரிகை நாராவின் சோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கிறது.