கடைசிப் பாட்டின் மதிப்பு: கச்சேரி, ராக் மேடை, கூத்துக்களம் ஆகியவற்றின் பாட்டு வரிசை குறித்து

ஆய்வுச் சுருக்கம்

கருநாடக இசைக் கச்சேரியின் இறுதிப் பகுதியில் தமிழ்ப் பாடல்கள் ‘துக்கடா’வாக ஒதுக்கப்பட்டன என்பது தமிழிசை இயக்கக் காலந்தொட்டு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு. ராக் இசைக்குழுக்களின் மேடையிலும் வட தமிழகத் தெருக்கூத்திலும் இறுதியிடமே உயர்ந்த இடமாகக் கருதப்படுகிறது. இவ்வேறுபாட்டை ஒப்புநோக்கும் இக்கட்டுரை, தமிழ்ப் பாடல்களுக்கு நேர்ந்த குறை அவை வைக்கப்பட்ட இடத்தைக் காட்டிலும், அவற்றுக்கு மறுக்கப்பட்ட விரிவில் தங்கியுள்ளது என வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கச்சேரி மரபு, அரியக்குடி, துக்கடா, தமிழிசை இயக்கம், ராக் இசை, தெருக்கூத்து, மெல்லிசைக் குழு

மூன்று மேடைகள்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்து அமைந்த ஊர் குயிலாப்பாளையம். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பெற்ற ஆரோவில்லுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து செல்வோருள் பலர் இவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். ஆரோவில் அரங்குகளில் கிதாரும் டிரம்சும் ஒலிக்கின்றன. அங்குள்ள பாரத் நிவாஸில் இந்தியச் செவ்விசையும் நடனமும் நிகழ்கின்றன. சுற்றுவட்டாரத்து அம்மன் திருவிழாக்களில் தெருக்கூத்தும் மெல்லிசைக் குழுவும் மேடையேறுகின்றன. இக்கடற்கரையில் வாழும் ஒருவர் வெளியூர் செல்லாமலேயே இவை அனைத்தையும் கேட்க இயலும்.

எந்தப் பாட்டை முதலில் வைப்பது, எதை இறுதிக்கு நிறுத்திக்கொள்வது என்னும் வினா இம்மேடைகள் அனைத்துக்கும் பொது. விடைகள் மட்டும் வேறு. அவ்வேறுபாட்டைக் கருதாமல் கச்சேரியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு நிகழ்ந்த விவாதம் எண்பது ஆண்டுகளாக ஒரே இடத்தைச் சுற்றி வருகிறது.

அரியக்குடி வகுத்த வரிசை

இன்றைய கச்சேரி வடிவம் அரியக்குடி இராமானுச ஐயங்காரின் (1890–1967) பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. பூச்சி சீனிவாச ஐயங்காரின் மாணவரான அவர் மேடையேறிய காலத்தில் கச்சேரிகள் நெடுநேரம் நீண்டன. பல்லவியே வித்துவானின் திறத்தை அளக்கும் கருவியாக இருந்தது. அவர் வர்ணத்தில் தொடங்கினார், விறுவிறுப்பான கிருதிகள் சிலவற்றைப் பாடிக் கூட்டத்தை இருத்தினார், பின்னர் ஆலாபனை, நிரவல், கற்பனைசுரம் என விரியும் உருப்படிகளுக்குச் சென்று தனியாவர்த்தனத்துக்கு வழிவிட்டார், பல்லவியைச் சுருக்கினார், அதன்பின் பதம், ஜாவளி, தில்லானா, திருப்பாவை, விருத்தம் எனச் சிற்றுருப்படிகளைப் பாடி மங்களத்தில் முடித்தார்.

இவ்வரிசை ஒருவரது சுவையினால் மட்டும் உருவானதன்று. அரண்மனையிலும் செல்வர் வீட்டுத் திருமணத்திலும் கேட்டவர்களுக்கு எழுந்து செல்லவேண்டிய நெருக்கடி இல்லை. சபாக்களில் சீட்டு வாங்கிக் கேட்டவர்கள் அலுவலகம் முடித்து வந்தவர்கள். 1953 வரை சென்னையில் ஓடிய டிராம் வண்டியின் நேரத்தையும் மனத்தில் வைத்திருக்கவேண்டியவர்கள். 1938இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையம் பாடகருக்கு மணிக்கணக்கை இன்னும் கண்டிப்பாகக் கற்பித்தது. மூன்று மணி நேரத்துக்குள் அறிஞருக்கும் புதியவருக்கும் ஏதேனும் ஒன்றைத் தரவேண்டிய நிலைக்கு அரியக்குடியின் வரிசை மிகத் தேர்ந்த விடை.

அவ்வரிசைக்குள் நுண்ணிய விதிகளும் உள்ளன. கச்சேரி முழுவதும் சுருதி ஒன்றே. தம்புரா தொடக்கத்தில் எழுப்பிய ஆதார சட்சம் மங்களம்வரை மாறுவதில்லை. ஆகவே வேறுபாடு ராகத்திலும் தாளத்திலும் காலப்பிரமாணத்திலும் மட்டுமே பிறக்க இயலும். சுத்த மத்தியம ராகத்தை அடுத்துப் பிரதி மத்தியம ராகம், ஆதிதாளம் அடுத்தடுத்து வருமாயின் இடையே ரூபகமோ மிச்ரசாபுவோ, ஒரே வாக்கேயக்காரரின் கிருதிகள் தொடராமை எனப் பாடகர் தெரிவு செய்வது இதனாலேயே. உச்சம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரம் கழிந்தபின் வருகிறது. எஞ்சிய பகுதி இறங்குமுகம்.

ராக் மேடையில் இறுதி

ராக் இசைக்குழுவுக்கு ஆதார சுருதி என்னும் கட்டுப்பாடு இல்லை. வேறு கட்டுப்பாடுகள் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாம் தந்தியை நீக்கிவிட்டு, எஞ்சிய ஐந்தையும் வேறு சுருதிக்கூட்டில் அமைத்து வாசிக்கும் பாடல்கள் பல. அப்பாடல்களுக்குக் கிதாரை மாற்றவேண்டும். மாற்றும் இடைவெளியை யாரேனும் நிரப்பவேண்டும். பாடகரின் தொண்டை மற்றொரு கட்டுப்பாடு. இருபது வயதில் பதிவு செய்த உச்சக்குரல் பாடலை அறுபது வயதில் நாள்தோறும் பாடவேண்டியவர், அதற்கு முன்னும் பின்னும் எளிய பாடல்களை வைத்துக்கொள்வது இயல்பு. வருணனைக்கு எட்டாத கலையாக ரசிகர் காணும் வரிசையில் ஒரு பகுதி இத்தகைய கைவினைக் கணக்கே.

பொது அமைப்பு எளிது. எல்லாரும் அறிந்த விரைவான பாட்டு ஒன்று தொடக்கத்தில். புதிய இசைத்தொகுப்பின் பாடல்கள் நடுவில். பெரும்புகழ் பெற்றவை இறுதியில். குழு மேடையை விட்டுச் சென்றபின் கூட்டம் ஆரவாரித்து மீண்டும் அழைக்கும். அழைப்பை எதிர்பார்த்தே அகன்றவர்கள் திரும்பி வந்து, அதுவரை பாடாமல் வைத்திருந்ததைப் பாடுவர். இரு தரப்பும் அறிந்தே நிகழ்த்தும் நாடகம் இது. ரோலிங் ஸ்டோன்ஸ் 1965இல் வெளியிட்ட ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடலைப் பிற்காலப் பயணங்கள் பலவற்றில் கடைசிப் பாட்டாக வைத்திருப்பது இம்முறையின் தெளிவான சான்று. அப்பாட்டைக் கேளாமல் எவரும் எழுந்து செல்லார்.

1985 சூலை 13 அன்று வெம்பிளி அரங்கில் நிகழ்ந்த லைவ் எய்டு நிகழ்ச்சியில் குயீன் குழுவுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ இருபது நிமிடங்கள். நெடிய பாடலான ‘பொஹீமியன் ராப்சடி’யின் முன்பகுதியை மட்டும் பாடித் தொடங்கினர், ‘வீ வில் ராக் யூ’, ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’ என்னும் 1977ஆம் ஆண்டின் இரு பாடல்களோடு முடித்தனர். முழுநீள நிகழ்ச்சிகளிலும் அவ்விரு பாடல்களுக்கு அதுவே இடம். நேரம் சுருங்கியபோது வெட்டப்பட்டது தலைப்பகுதி. வால்பகுதியை அவர்கள் தொடவில்லை. தம் வழக்கமான நிகழ்ச்சிகளில் குயீன் குழுவினர் அனைத்தும் முடிந்தபின் பிரித்தானிய நாட்டுப்பண்ணின் ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டு விடைபெற்றனர். கச்சேரியின் சௌராஷ்டிர ராக மங்களத்துக்கு இதைவிட நெருங்கிய ஒப்புமை கிடைப்பது அரிது: இரண்டும் நிகழ்ச்சிக்கு வெளியே நிற்பவை; இரண்டும் கலைதற்கான அனுமதி.

கிரேட்ஃபுல் டெட் (1965–1995) விதிவிலக்காகச் சுட்டப்படும் குழு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் அவர்கள் முந்தைய நாளின் வரிசையை மறுநாள் அப்படியே வாசிப்பதைத் தவிர்த்தனர். அடுத்த பாட்டைப் பெரும்பாலும் மேடையிலேயே முடிவு செய்தனர். ரசிகர்கள் ஒவ்வோர் இரவின் பட்டியலையும் குறித்துவைத்துத் தமக்குள் ஒப்பிட்டனர். சென்னையின் திசம்பர் இசைவிழாவில் மடியில் சிறு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு பாட்டு, ராகம், தாளம் எழுதும் ரசிகர் இவர்களின் உறவினரே. ஆயினும் டெட் குழுவின் விடுதலை எல்லையற்றதன்று. நிகழ்ச்சி இரு பகுதிகளாகவே அமைந்தது. 1970களின் பிற்பகுதி முதல் இரண்டாம் பகுதியின் நடுவே தாளக்கருவிகள் மட்டும் ஒலிக்கும் நேரம் நிலைபெற்றது. சட்டகம் உறுதியாக நின்றதனால்தான் உள்ளடக்கம் நாள்தோறும் மாற இயன்றது.

தாளக்கருவி தனித்து ஒலிக்கும் அந்நேரம் தனியாவர்த்தனத்தை நினைவூட்டும். லெட் செப்பலின் குழுவின் ஜான் பான்ஹம் ‘மோபி டிக்’கில் வாசித்த தனி சில இரவுகளில் இருபது நிமிடங்களைத் தாண்டியது. இரு மரபுகளிலும் சபையில் ஒரு பகுதியினர் எழுந்து வெளியே செல்லும் நேரமும் இதுவே. கச்சேரியில் சிற்றுண்டிச்சாலைக்குச் செல்கின்றனர். அங்கே பியர் விற்கும் இடத்துக்கு. ராக் ரசிகர் திரும்பி வருகிறார், இறுதிப் பாட்டு எஞ்சியிருப்பதால். கச்சேரி ரசிகரில் சிலர் வீட்டுக்கே சென்றுவிடுகின்றனர்.

விடியலை நோக்கி

தெருக்கூத்தில் இறுதி என்பது பெரும்பாலும் விடியல். வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் இரவுதோறும் நிகழும் கூத்துகள் பதினெட்டாம் போரை நோக்கி வரிசைப்படுத்தப்படுகின்றன, மறுநாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் காத்திருக்கும், அதன்பின் தீமிதி. ஓர் இரவுக்குள்ளும் இதே ஏறுமுகம்: களரியின் இசை, கடவுள் வாழ்த்து, கட்டியங்காரன் வருகை, திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டு வேடங்கள் வெளிப்படுதல், மோதல், மங்களம். இரவெல்லாம் கண்விழிப்போர் சிலரே. பலர் களத்தோரத்தில் உறங்கி எழுவர். கட்டியங்காரன் கதையை அவ்வப்போது எடுத்துரைப்பது அவர்களுக்கும் பயன்படுகிறது. உப்பளத்தில் வேலை செய்வோர் வெயில் ஏறுமுன் பாத்திக்கு இறங்கவேண்டியவர்கள். அவர்களது வேலைநாள் தொடங்கும் நேரமும் கூத்து உச்சத்தை எட்டும் நேரமும் ஒன்றே.

மெல்லிசைக் குழு இவற்றுக்கு இடைப்பட்டது. கடவுள் பாடலோடு தொடங்கிப் பழைய திரைப்பாடல்கள் வழியாக ஆட்டத்துக்குரிய பாடல்களில் முடிவது அதன் வழக்கம். துண்டுச்சீட்டில் வரும் விருப்பங்கள் இடையே நுழையும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் விழாக்காலங்களில் நள்ளிரவுவரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. இறுதிப் பாட்டை நம்பி நிற்கும் வரிசைக்கு இது பெரிய இடர். காவலர் எப்போது நிறுத்தச் சொல்வார் என்பது உறுதியற்றபோது, சிறந்த பாட்டைக் கடைசிக்கு வைத்திருக்கும் துணிவு எந்தக் குழுவுக்கு வரும்? உச்சம் ஒன்பதரை மணிக்கு முன்நகர்கிறது.

துக்கடா என்னும் பெயர்

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடு தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் முதன்மை வேண்டியது. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. இராசா அண்ணாமலை செட்டியார், இராசாசி, கல்கி, டி.கே.சி. ஆகியோர் அவ்வியக்கத்துக்குத் துணைநின்றனர். தெலுங்கு, வடமொழிக் கிருதிகள் நடுவில் கோலோச்ச, தமிழ் துண்டுதுணுக்காகக் கடைசியில் ஒட்டவைக்கப்படுகிறது என்பது அவர்கள் தரப்பின் மனக்குறை. ‘துக்கடா’ என்னும் சொல்லே துண்டு என்று பொருள்படுவது. அப்பெயரில் உள்ள அலட்சியத்தை மறுப்பதற்கில்லை.

ஆனால் கடைசியில் நிற்பது தன்னளவில் இழிவு என்றால், ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ இழிந்த பாட்டாகவேண்டும். பதினெட்டாம் போர் கூத்தின் எச்சமாகவேண்டும். கச்சேரியிலேயே இதற்கு மறுசான்று உண்டு. பாடகருக்கு வரும் துண்டுச்சீட்டுகள் கேட்பது பெரும்பாலும் இறுதிப் பகுதிக்குரிய பாடல்களையே. டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்களுக்கும், எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய இராசாசியின் ‘குறையொன்றுமில்லை’க்கும் காத்திருந்தோர் எண்ணற்றோர். வரிசை இறங்குமுகம் என்று அறிவித்த இடத்தில் சபை தன் உச்சத்தைத் தானே அமைத்துக்கொண்டது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல்களுக்கும் திருப்பாவைக்கும் இசையமைத்துப் பரப்பிய அரியக்குடி இதை அறியாதவராக இருந்திருக்க இயலாது.

குறை வேறிடத்தில் உள்ளது. இரண்டரை மணிக் கச்சேரியில் மையப் பாடலும் தனியும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ள, துக்கடா ஒவ்வொன்றும் ஐந்தாறு நிமிடங்களில் முடிகிறது. அதற்கு நீண்ட ஆலாபனை இல்லை, நிரவல் இல்லை, சுரம் இல்லை, தாளக்கருவிக்குத் தனியிடம் இல்லை. பாட்டு பாடப்படுகிறது, ஆராயப்படுவதில்லை. கருநாடக இசை ஒரு படைப்புக்குச் செய்யும் தலையாய மரியாதை அதனை விரித்துக் காட்டுவதே. மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருட்டிண பாரதி, பாபநாசம் சிவன் ஆகியோரின் படைப்புகளில் நிரவலுக்கு ஏற்ற வரிகள் நிறைய உண்டு. அவர்களது பாட்டைத் தொடக்கத்தில் விரைவாகப் பாடி முடித்துவிட்டு ‘தமிழுக்கு முதலிடம்’ என்று கணக்குக் காட்டுவது, இறுதியில் பாடுவதைவிட எவ்வகையில் மேல்? தமிழிசைச் சங்க மேடை தமிழ்ப் பாடலை மையத்தில் விரித்துப் பாட இடம் தந்தது. அதுவே அதன் உண்மையான சாதனை. சட்டகத்தை அது மாற்றவில்லை. மாற்றவேண்டிய தேவையும் அன்று உணரப்படவில்லை.

சட்டகத்தையே குலைத்தவர் டி.எம். கிருஷ்ணா. வர்ணத்தை நடுவில் மையப் பாடலாக விரிப்பது, தனியாவர்த்தனத்தை வழக்கமான இடத்திலிருந்து பெயர்ப்பது ஆகிய அவரது மாற்றங்கள் உருப்படியின் வகைக்கும் அதன் இடத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தன. எதிர்பார்ப்புக்கு இடமில்லாதபோது வியப்புக்கும் இடமில்லை என்னும் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. கிரேட்ஃபுல் டெட் குழுவே இரு பகுதிச் சட்டகத்தைக் கைவிடவில்லை. எனினும் இப்பிணைப்பு அறுந்ததன் பயனைத் தமிழ்ப் பாடல்களுக்குத் திருப்பிக்கொள்வது பாடகர் கையில் உள்ளது.

திருப்புகழை எடுத்துக்கொள்ளலாம். அருணகிரிநாதரின் சந்தங்களுக்குப் பொருந்தும் தாளங்கள் கச்சேரியில் வழங்கும் ஆதி, ரூபகம், சாபு வகைகளினின்று பலவிடங்களில் விலகிச் செல்பவை. மாலை முழுவதிலும் கணக்கால் கடினமான உருப்படி அதுவாகவே இருக்கக்கூடும். மங்களத்துக்குச் சற்று முன், சபை பையையும் காலணியையும் தேடும் நேரத்தில், அது சில நிமிடங்களில் பாடப்படுகிறது. அதனையே மையத்தில் வைத்து ஒரு வரியை நிரவலுக்கு எடுத்தால், தனியாவர்த்தனத்தை மிருதங்கக் கலைஞர் அச்சந்தத் தாளத்திலேயே வாசிக்க நேரும். ஆதிதாளத்துக்குப் பழகிய மோராவும் கோர்வையும் அங்கே உதவா, புதியன கட்டவேண்டும், சபையும் விரல்விட்டு எண்ணத் தொடக்கத்திலிருந்து கற்கவேண்டும்.