கல்லும் கத்தியும்

பருப்புத் துவையலுக்கு அம்மியில் ஒரு வரிசை உண்டு. வறுத்த மிளகாய் வற்றலும் கல்லுப்பும் முதலில். உப்புப் பரல்கள் மிளகாய்த் தோலோடு உரசிக்கொடுக்கும்; தண்ணீர் தெளிக்காமலேயே நாலைந்து இழுப்பில் தோலும் விதையும் பொடிந்துவிடும். அடுத்தது புளி. பொடிந்த மிளகாய் சிதறி ஓடாமல் அது கல்லோடு பிடித்து வைக்கும். அதற்குப் பிறகுதான் வறுத்த துவரம்பருப்பு. விரல் நுனியால் தண்ணீர் தெளித்து, முழுக்க மசிய விடாமல் நிறுத்த வேண்டும். தேங்காய்த் துருவல் கடைசிக்கு முந்தி. பூண்டு சேர்க்கிற வீடாக இருந்தால், உருட்டி எடுக்கப்போகும் நேரத்தில் ஒரு பல்லை வைத்துக் குழவியால் ஒரு தட்டு, ஒரு இழுப்பு. அவ்வளவுதான்.

இந்த வரிசையில் கண்டிப்பு தெரிகிறது. ஆனால் அதன் காரணம் சாப்பிடும்போதுதான் விளங்கும். மிளகாய் மையாகியிருக்கும். பருப்பு குருணையாக நிற்கும். தேங்காய் பாதி நசுங்கிப் பால் விட்டிருக்கும், பூண்டு உடைந்ததோடு சரி. ஒரே உருண்டைக்குள் நாலு பதம். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசையும்போது காரம் சோறு முழுக்கப் பரவுகிறது, பருப்போ பல்லில் தனியாக அகப்படுகிறது. பக்கத்தில் மிளகு ரசம் இருந்தால் வேறு எதையும் கேட்கத் தோன்றாது.

அதே சாமான்களை மிக்ஸி ஜாரில் போட்டு ஒரு சுற்று விடுங்கள். தவறாக ஒன்றும் இருக்காது. ஆனால் எல்லாமே ஒரே பதத்தில் இருக்கும். மிளகாய் மசிகிற வரை ஓட்டினால் பருப்பும் தேங்காயும் கூடவே மசிந்துவிடும். பருப்பு குருணையாக நிற்கும்போதே நிறுத்தினால் மிளகாய்த் தோல் நாக்கில் ஒட்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

காரணம் எளிது. மிக்ஸியில் இருப்பது கத்தி. அது நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழன்று எதிர்ப்பட்டதை வெட்டித் தள்ளுகிறது. கல் வெட்டுவதில்லை, நசுக்கி, இழுத்து, பூசுகிறது. தேங்காயின் எண்ணெயும் மிளகாய் விதையின் எண்ணெயும் கல்லின் அழுத்தத்தில் கசிந்து, பருப்பு மாவோடு கலந்து ஒட்டுகின்றன. கத்தி வேகமாகச் சுழல்வதால் சூடும் காற்றும் சேர்ந்துகொள்கின்றன. சின்ன வெங்காயத்தைப் பச்சையாக மிக்ஸியில் அரைத்தவர்களுக்கு அந்த நுரையும் நெடியும் தெரியும். தேங்காய்ச் சட்னியைக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டிவிட்டால் வழவழவென்று எண்ணெய் பிரிந்து, தொண்டையில் படிகிற ஒரு கொழுப்புச் சுவை வந்துவிடுகிறது. இஞ்சியைப் போட்டால் நார் கத்தியில் சுற்றிக்கொள்ளும்.

1951-ல் வந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இன்னும் பல வீடுகளில் மஞ்சள் கறையோடு இருக்கிறது. அதைப் பார்த்துச் செய்தும் பாட்டி கைப்பக்குவம் வரவில்லை என்று குறைப்படுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்தப் புத்தகம் வந்தபோது நம் வீடுகளில் மிக்ஸி கிடையாது. அரைப்பது என்றால் கல்லில் அரைப்பதுதான்.

பழைய சமையலுக்காக உருகுகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் உருகுகிறார்கள் என்பது என் எண்ணம். குக்கரைத் திட்டாத ஆள் இல்லை. சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கக் குக்கரைவிட நல்ல பாத்திரம் எனக்குத் தெரிந்து கிடையாது; கிணற்றுத் தண்ணீரின் உப்புக்கு அடுப்படியில் மணிக்கணக்காக வேகாமல் அடம்பிடித்த பருப்பைப் பார்த்தவர்கள் அதைப் பழிக்க மாட்டார்கள். சோறு வேறு விஷயம். வடித்த சோறு பொலபொலவென்று உதிரும், குக்கர் சோறு குழையும். வடித்த கஞ்சியும் கிடைக்காமல் போனது நஷ்டம்தான். தயிர்ச் சோற்றுக்குக் குழைவே நல்லது என்பதால் அந்த வழக்கை அப்படியே விட்டுவிடலாம். கேஸ் அடுப்பு வந்ததில் சுட்ட கத்தரிக்காயின் புகை வாசம் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஊதுகுழலோடு கண் எரிய உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இட்லியைப் பாருங்கள். ஆட்டுக்கல் வீட்டைவிட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் தமிழ்நாட்டு இட்லி கெட்டுப்போகவில்லை. ஏனென்றால் அங்கே இயந்திரம் வந்தபோது கல்லையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கியதாகச் சொல்கிறார்கள். ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் அதைத் தலைகீழாக்கினார்கள். மோட்டார் உரலைச் சுற்ற, குழவி நின்ற இடத்திலேயே உருண்டது. மாவைக் கையால் அடிக்கொரு தரம் தள்ளிவிடும் வேலைக்கு ஒரு பலகையை வைத்தார்கள். மற்றபடி கல்லும் கல்லும் உரசுகிற அந்தச் செயலில் கை வைக்கவில்லை. பிறகு சாய்த்து ஊற்றும் கிரைண்டர் வந்தது, மேடையில் வைக்கும் டேபிள் டாப் வந்தது. எதிலும் கல்லை எடுத்துவிட்டுக் கத்தி வைக்க யாரும் துணியவில்லை. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதற்குக் கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து போகிறது. வெண்ணெய்க்குப் பேர்போன ஊர் மாவுக்கும் கல் கொடுப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

உளுந்து அரைபடுவதை நின்று பார்க்க வேண்டும். முதலில் கல்லுக்கு அடியில் நறநறவென்று கிடக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கத் தெளிக்க வெள்ளையாக இளகி, அரை மணி நேரத்தில் உரலின் விளிம்பு வரை பொங்கி ஏறிவிடும். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அந்த மிதப்புதான் இட்லியின் பஞ்சுத்தன்மை. உளுந்தில் உள்ள பிசுபிசுப்பு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரவில் மாவு புளிக்கும்போது நுண்ணுயிர்கள் விடுகிற வாயுவையும் அதுவே தாங்கி நிற்கும். மிக்ஸியில் அரைத்தால் மாவு கைச்சூட்டைத் தாண்டிச் சுட்டுவிடுகிறது. பொங்குவதற்குள் நிறுத்த வேண்டியிருக்கிறது. ஐஸ் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு ஓட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. தோசைக்குப் பழுதில்லை. இட்லியைத் தட்டில் கவிழ்த்ததுமே வித்தியாசம் தெரிந்துவிடும்.

மாவு விஷயத்தில் உண்மையான இழப்பு ஃப்ரிட்ஜால் வந்தது. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம் என்று புளிப்பு ஏற ஏறப் பலகாரம் மாறிய ஒழுங்கு அது. இப்போது மாவு ஒரு வாரம் குளிரில் உறங்குகிறது. எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே தோசை. கடையில் பாக்கெட் மாவு வாங்கும் வீட்டில் அந்த ஏற்ற இறக்கமும் இல்லை.

மிக்ஸியின் கதை வேறு. 1960-களில் பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், மனைவி வைத்திருந்த வெளிநாட்டு இயந்திரம் நம் ஊர் அரைப்பைத் தாங்காமல் புகைந்துபோனதைப் பார்த்துத்தான் சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். பழச்சாறு அடிக்கப் பிறந்த இயந்திரத்துக்கு மோட்டார் வலுவைக் கூட்டி, ஊறின பருப்பையும் காய்ந்த மஞ்சளையும் அரைக்க வைத்த சாமர்த்தியம் அது. ஆனாலும் அடிப்படையில் கத்தி கத்தியாகவே இருந்துவிட்டது.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அம்மிக்காக ஏங்கி எழுதுகிறவர்களில் அம்மி முன்னால் மண்டியிட்டவர்கள் குறைவு. பத்துப் பேர் இருக்கிற வீட்டில் காலைச் சட்னி, மதியக் குழம்புக்கு மசாலா, சாயங்காலம் ஆட்டுக்கல்லில் மாவு என்று பெண்களின் தோளும் முதுகும் தேய்ந்தன. ருசித்தது வேறு ஆள். 2011-ல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது அதைக் கேலி செய்தவர்கள் பலருடைய வீட்டில் மூன்றும் ஏற்கெனவே இருந்தன. அடுத்த வருஷமே மின்வெட்டு வந்து, சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் போனது. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லாகக் கிடந்த அம்மிகள் கழுவப்பட்டு உள்ளே வந்தன. அந்த நாட்களில் சட்னி நன்றாக இருந்தது என்பது உண்மை. கரண்ட் திரும்பியதும் அம்மி திரும்பவும் கொல்லைக்குப் போனதும் உண்மை. போனதில் எந்தத் தப்பும் இல்லை.

கல்லுக்கான ஏக்கம் நகரும் விதமும் வேடிக்கை. சாம்பார் பொடியை உலக்கையால் இடித்த தலைமுறை, மெஷினில் கொடுத்து அரைப்பதைச் சோம்பேறித்தனம் என்றது. அடுத்த தலைமுறைக்கு அந்த மெஷினே புனிதம்: மொட்டை மாடியில் மல்லியும் மிளகாயும் காயவைத்து, தூக்குவாளியோடு வரிசையில் நின்று, நமக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுப்போம். கேழ்வரகு போன கையோடு நம் மிளகாய் போகக்கூடாது. இன்று பாக்கெட் பொடி வாங்குகிறவர்களின் பிள்ளைகள் எதற்கு ஏங்குவார்களோ! நெடுஞ்சாலை ஓட்டல்கள் 'அம்மியில் அரைத்த மசாலா' என்று பலகை வைக்கின்றன. அத்தனை கூட்டத்துக்கும் எத்தனை அம்மி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் நம்ப முடியவில்லை. சந்தேகமில்லாமல் அம்மி வாழுமிடம் கல்யாண மண்டபம்தான். அங்கே அரைக்க அல்ல, மணப்பெண் கால் வைக்க.

ஆகையால் முழுச் சமையலையும் கல்லுக்குத் திருப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குழம்பில் கொதித்துக் கரைகிற மசாலாவுக்குக் கத்தி போதும். கொதிக்கக் கொதிக்க வித்தியாசம் பாதி மறைந்துவிடும். பச்சையாகவே இலைக்கு வருகிற துவையலும் சட்னியும்தான் கல்லைக் கேட்கின்றன. ரசத்துக்கு மிளகு சீரகம் தட்ட ஒரு சின்னக் கல் உரல் இருந்தால் போதும். பொடியாக்கிய மிளகு முதல் கொதியிலேயே காரத்தைக் கொட்டிவிடுகிறது, உடைந்த மிளகு கடைசி வாய் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. எள்ளுத் துவையலுக்கும் கொள்ளுத் துவையலுக்கும் அம்மி. இரண்டு பேருக்கு அரைக்கப் பத்து நிமிஷம் ஆகாது, ஞாயிற்றுக்கிழமை அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆண்களும்.

அம்மி வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நகரத்துக் கடைகளில் இப்போது கண்ணாடி போல மெருகேற்றிய கருங்கல் அம்மிகள் அழகாக அடுக்கியிருக்கின்றன. அவற்றில் மிளகாய் வழுக்கும், அரைபடாது. கொத்திய கல்லாக, உள்ளங்கையால் தடவினால் சுரசுரக்கிற கல்லாகப் பார்த்து எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு பிடி ஊறின அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்ட வேண்டும். முதலில் சாம்பல் நிறத்தில் வரும். வெள்ளையாக வருகிற வரை திரும்பத் திரும்ப அரிசி போட்டு அரைத்து, கடைசியில் கல்லுப்பு ஒரு தரம். சில வருஷத்தில் கல் மழுங்கும். கிரைண்டர் கல் கொத்த உளியோடு தெருவில் வருகிறவர் இருந்தால் கூப்பிடுங்கள், அம்மியையும் கொத்திக்கொடுப்பார். கொத்தியதும் மறுபடி அரிசி.