ஆந்தி: அதிகாரமும் இல்லறமும்

ஆட்சியாளர் தடைசெய்தனர் என்பதனால் மட்டும் ஒரு கலைப்படைப்பு ஆட்சியை விமர்சிக்கும் படைப்பாகிவிடாது. குல்சாரின் நெறியாள்கையில் 1975 பெப்ரவரியில் வெளிவந்த 'ஆந்தி' என்னும் இந்தித் திரைப்படம் இதற்குத் தக்க சான்றாகும். சில மாதங்கள் ஓடிய பின்னர், அவசரகால நிலையின்போது அது தடைசெய்யப்பட்டது. 1977இல் இந்திரா காந்தி தேர்தலில் தோல்வியுற்ற பின்னரே மீண்டும் திரைக்கு வந்தது. ஆரத்தி தேவியாக நடித்த சுசித்திரா சென்னின் நரையோடிய கூந்தலும் சேலைக்கட்டும் நடையும் பிரதமரை நினைவூட்டின. இப்புறத்தோற்ற ஒப்புமைக்கு அப்பால் படம் கூறுவது யாது?

தந்தையின் தூண்டுதலால் அரசியலில் இறங்கும் ஆரத்தி, கணவனையும் மகளையும் பிரிகிறாள். ஆண்டுகள் பல கழிந்து, தேர்தற் பிரசாரத்துக்காக அவள் வந்து தங்கும் விடுதியின் முகாமையாளராக அக்கணவனையே (சஞ்சீவ் குமார்) காண்கிறாள். அவர்களது சந்திப்புகளே படத்தின் உயிர்நிலை. ராகுல் தேவ் பர்மனின் இசையும், காஷ்மீரத்து மார்த்தாண்ட சூரியன் கோயிலின் இடிபாடுகளும் இழந்த இல்லறத்தின் துயரை நெஞ்சிற் பதிக்கின்றன. இவ்வகையில் குல்சாரின் கலைத்திறனை எவரும் மறுத்தல் இயலாது.

ஆயின், ஆரத்தி எக்கொள்கைக்காகத் தேர்தலில் நிற்கிறாள்? எவர் நலனுக்காக? வேட்பாளரை எள்ளி வரவேற்கும் பாடலொன்றில் மட்டும் ஐந்தாண்டுக் கணக்கைக் கேட்கும் மக்களின் குரல் ஒலிக்கிறது. பாடல் முடிந்ததும் அக்குரலும் அடங்கிவிடுகிறது.

விடுதிச் சந்திப்புகளை எதிரணியினர் அவதூறாக்கும்போது, பொதுக்கூட்டத்திலே அவர் தன் கணவர் எனக் கண்ணீருடன் கூறுகிறாள் ஆரத்தி, வெற்றியும் பெறுகிறாள். மக்கள் இங்கு தீர்ப்பளிப்பது அவளது அரசியலுக்கன்று, அவளது கற்புக்கே. விடுதியே வாழ்வாகக் கொண்ட கணவனை, தொழிலுக்காகக் குடும்பத்தை மறந்தவன் என எவரும் பழிப்பதில்லை என்பதும் நோக்கத்தக்கது.

சமூகம் அவ்வாறிருப்பதனையே படம் காட்டுகிறது எனச் சிலர் வாதிடலாம். காட்டுதல் வேறு, உடன்படுதல் வேறு. அக்கூட்டத்தின் கண்ணீரைத் தள்ளிநின்று நோக்காது, பார்வையாளரையும் அக்கூட்டத்துள் ஒருவராக்கி அழவைக்கிறது இப்படம்.

அன்று ஆட்சியாளர் அஞ்சியது ஒரு சாயலுக்கு. அதிகாரம் பெற்ற பெண்ணொருத்தி அதனைக் கொண்டு யாது செய்தாள் என்ற வினாவுக்கு அவர்கள் அஞ்சியிருக்க வேண்டியதில்லை. அவ்வினாவைப் படம் எழுப்பவேயில்லை.