சின்னச் சொல் எங்கே போச்சு?

எதிர் ஃப்ளாட் தம்பி தோஹா போகிறார். ஹோட்டல் ஒன்றில் ஃப்ரண்ட் ஆபீஸ் வேலை. போன வாரம் ஒரு குட்டிப் புத்தகத்தோடு வந்து, ''சார், நீங்க கல்ஃப்ல இருந்தவராச்சே, இது போதுமான்னு பாருங்க'' என்றார். இங்கிலீஷ் ஃப்ரேஸல் வெர்ப் முந்நூறு, எதிரே அரபியில் அர்த்தம். பேப்பர் சுமார், எழுத்து பெரிசு. அரபுப் பிள்ளைகள் இங்கிலீஷ் கற்பதற்காகப் போட்ட புத்தகம் அது. தம்பி அதைத் தலைகீழாகப் பிடித்து அரபி கற்கப் பார்க்கிறார். தப்பில்லை. நானும் அப்படித்தான் கற்றேன்.

ஃப்ரேஸல் வெர்ப் என்றதும் பயந்துவிடாதீர்கள். 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. ஆனால் 'கிவ் அப்' என்றால் மேலே கொடு அல்ல, விட்டுவிடு. 'கிவ் இன்' என்றால் உள்ளே கொடு அல்ல, இறங்கிப் போ. வினைச்சொல்லோடு ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு மொத்த அர்த்தத்தையும் கடத்திக்கொண்டு போய்விடுகிறது. வெளியாட்களுக்கு இங்கிலீஷில் இதுதான் பெரிய தலைவலி என்று டாக்டர் ஜான்சன் 1755-ல் தன் அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். நமக்கு இது ஒன்றும் புதுசில்லை. 'கண்டுபிடி' என்கிறோம், கண்டு, பிடித்தா கொண்டு வருகிறோம்? 'விட்டுக்கொடு' என்பதில் விடுவது எது, கொடுப்பது எது?

புத்தகத்துக்கு வருகிறேன். 'கிவ் அப்' என்பதற்கு எதிரே 'அக்லஅ' என்று போட்டிருக்கிறது. ஒரே வார்த்தை. பார்க்க சுத்தமாக இருக்கிறது. ஆனால் அரபியில் வெறும் 'அக்லஅ' என்றால் விமானம் கிளம்பியது, கப்பல் பாய் விரித்துப் புறப்பட்டது என்று அர்த்தம். 'அக்லஅ அன்' என்று பின்னால் ஒரு 'அன்' சேர்ந்தால்தான் சிகரெட்டை விட்டான் என்று ஆகும். 'அன்' என்றால் 'விட்டு', 'அப்பால்' மாதிரி ஒரு ஒட்டுச்சொல். அதைப் புத்தகம் விழுங்கிவிட்டது. தம்பி இதை நம்பிப் பேசினால், அவர் சிகரெட்டை விடமாட்டார், சிகரெட்டை டேக் ஆஃப் பண்ணுவார்.

அச்சுப் பிழை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் முந்நூறில் பாதியைப் பார்த்துவிட்டேன். எங்கெல்லாம் அரபி வினைக்கு ஒட்டுச்சொல் தேவையோ, பெரும்பாலும் அங்கெல்லாம் அதைக் காணோம். 'லுக் ஃபார்' என்பதற்கு 'பஹஸ'. 'அன்' எங்கே? 'டேக் ஓவர்' என்பதற்கு 'இஸ்தஹ்வத'. 'அலா' எங்கே? இது கைதவறல் இல்லை, ஒரு நம்பிக்கை. இங்கிலீஷ்தான் இந்த மாதிரி கோணங்கி மொழி, அரபி ஒற்றைச் சொல்லில் கம்பீரமாக நிற்கிற மொழி என்கிற நம்பிக்கை. அந்தப் புத்தகத்தோடு எனக்குச் சண்டை இங்கேதான்.

ஏனென்றால் அரபி இந்த விளையாட்டில் இங்கிலீஷுக்குச் சளைத்ததே இல்லை. 'நழர' என்றால் பார்த்தான். 'நழர இலா' என்றால் ஒன்றைப் பார்த்தான், லுக் அட். 'நழர ஃபீ' என்றால் உள்ளே பார்த்தான், அதாவது ஒரு விஷயத்தை விசாரித்தான், பரிசீலித்தான். கோர்ட் ஒரு வழக்கை எடுத்து விசாரிப்பதற்கு அரபிப் பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். இங்கிலீஷின் 'லுக் இன்டு' அச்சு அசலாக அங்கே இருக்கிறது! நம் புத்தகமோ 'லுக் இன்டு'க்குப் போலீஸ் விசாரணைக்கான வேறொரு சொல்லைப் போட்டிருக்கிறது. அது தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பியை அறிமுகம் செய்யாமலே போய்விட்டது.

இன்னும் கேளுங்கள். 'ரகிப ஃபீ' என்றால் விரும்பினான். 'ரகிப அன்' என்றால் வேண்டாம் என்று ஒதுங்கினான். வினை ஒன்றுதான், ஒட்டு மாறியதும் ஆசை வெறுப்பாகிவிட்டது. 'தஆ' என்றால் அழைத்தான், வேண்டினான். 'தஆ லி' என்றால் ஒருவருக்காக வேண்டினான், வாழ்த்து. 'தஆ அலா' என்றால் ஒருவருக்கு எதிராக வேண்டினான், சாபம்! முதலாளியின் அம்மா உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும்போது, ஒட்டுச்சொல் தெரியாத பையன் வாயைத் திறக்காமலிருப்பது உத்தமம்.

இந்தச் சின்னச் சொற்களைப் பற்றி அரபி இலக்கணக்காரர்களுக்குள் பெரிய தகராறே நடந்திருக்கிறது. வழக்கமில்லாத ஒட்டு ஒரு வினையோடு வந்தால், அந்த வினை இன்னொரு வினையின் அர்த்தத்தையும் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது என்பது பஸ்ரா ஊர்க் கட்சி. இதெல்லாம் இல்லை, ஒரு ஒட்டு இன்னொரு ஒட்டுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்பது கூஃபா கட்சி. இரண்டும் இன்றைய இராக்கில் இருக்கும் ஊர்கள். பதினான்காம் நூற்றாண்டில் கெய்ரோக்காரரான இப்னு ஹிஷாம் என்பவர் எழுதிய பிரபலமான இலக்கணப் புத்தகத்தில் பெரும்பகுதி இந்த மாதிரி துண்டுச் சொற்களைப் பற்றித்தான். அவ்வளவு மெனக்கெட்டுச் சேர்த்த சொத்தைக் குட்டிப் புத்தகம் இடம் மிச்சம் பிடிக்கத் தூக்கி எறிந்துவிட்டது.

அரபிக்கு இன்னொரு வழியும் உண்டு, ஒட்டே இல்லாமல் வினையின் நடுவில் கை வைப்பது. 'கதஅ' என்றால் வெட்டினான். நடு எழுத்தை இரட்டித்து 'கத்தஅ' என்றால் துண்டு துண்டாக வெட்டினான், கட் அப். முன்னால் 'இன்' சேர்த்து 'இன்கதஅ' என்றால் துண்டிக்கப்பட்டது, கட் ஆஃப். 'ஹமல' என்றால் சுமந்தான். (மும்பையில் மூட்டை தூக்குபவரை ஹமால் என்பார்களே, அந்த வேர்தான்.) அதுவே 'தஹம்மல' ஆனால் பொறுத்துக்கொண்டான், புட் அப் வித். தமிழிலும் பாருங்கள், பாரத்தைப் பொறுப்பதும் பொறுத்துக்கொள்வதும் ஒரே சொல்தான்.

நடு எழுத்து இரட்டிக்கும் இந்த விவகாரத்தை நான் புத்தகத்தில் கற்கவில்லை. 2003-ல் பி.காம். முடித்துவிட்டு ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் உதவியாளனாக இருந்தேன். ரூமில் எட்டுப் பேர். அந்த ரூமில் 'தர்ஹீல்' என்ற வார்த்தையை யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். நாடு கடத்தல். ஒருநாள் காலை என் மேஜையில் தலைமைக் கணக்கர் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். எகிப்துக்காரர், நல்ல மனுஷன். சீட்டில் என் பெயர். அதன் கீழே 'தர்ஹீல்'. அதன் கீழே 'வியாழன்'. எழுத்துக் கூட்டிப் படிக்குமளவுக்கு அரபி வந்திருந்தது என் துரதிர்ஷ்டம். விசா சரியாக இருக்கிறது, யாரோடும் சண்டையில்லை, பிறகு ஏன்? மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் அப்பா வாங்கிய கடன் கண்ணில் வந்து போனது. மூன்று மணிக்கு மேல் தாங்கமுடியாமல் சீட்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். லெட்ஜரைத் திருப்பிப் பக்கத்தின் அடியைக் காட்டினார். இந்தப் பக்கத்து பாக்கியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போக வேண்டும், வியாழனுக்குள் முடி. நாம் 'கேரி ஃபார்வர்ட்' என்கிறோமே, அதுதான் தர்ஹீல். 'ரஹல' என்றால் கிளம்பிப் போனான். 'ரஹ்ஹல' என்றால் கிளம்பிப் போக வைத்தான். மனுஷனையும் அனுப்பலாம், பாக்கித் தொகையையும் அனுப்பலாம். அந்த எகிப்துக்காரர்தான் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார்: வாராக்கடனைக் கணக்கிலிருந்து 'ரைட் ஆஃப்' பண்ணுவதற்கு அவர்கள் ஊரில் 'இஅதாம்' என்பார்களாம். தூக்குத் தண்டனைக்கும் அதே சொல். (நம் 'தள்ளுபடி' மட்டும் என்னவாம்? ஜவுளிக் கடையிலும் உண்டு, கோர்ட்டிலும் உண்டு.)

குட்டிப் புத்தகத்தில் 'கேரி ஃபார்வர்ட்'டுக்கு 'ரஹ்ஹல' இருக்கிறது. சரியான சொல். எங்கே பயன்படும் என்று அரை வரி இல்லை. இது அதன் இரண்டாவது குறை: ஒரு இங்கிலீஷுக்கு ஒரு அரபி என்று கல்யாணம் பண்ணிவைத்துவிடுகிறது. 'டேக் ஆஃப்' விமானத்துக்கு ஒரு சொல், சட்டையைக் கழற்ற 'கலஅ' என்று வேறு சொல். 'டர்ன் டவுன்' வேலைக்கு வந்த அழைப்பை மறுப்பதா, ரேடியோ சத்தத்தைக் குறைப்பதா? இரண்டுக்கும் அரபியில் தனித்தனிச் சொல். புத்தகத்தில் மறுப்பது மட்டும் இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு கெஸ்ட் போன் பண்ணி, பக்கத்து ரூமில் டி.வி. அலறுகிறது என்றால் தம்பி என்ன செய்வார்?

மூன்றாவது குறையைச் சொன்னால் பதிப்பாளருக்குக் கோபம் வரும். இதெல்லாம் எழுத்து அரபி. கடைத்தெருவில் 'பஹஸ அன்' என்று யாரும் தேடுவதில்லை, 'தவ்வர் அலா' என்றுதான் தேடுகிறார்கள். அங்கேயும் ஒரு ஒட்டு வந்து நிற்கிறது பாருங்கள். எழுத்து வேறு, பேச்சு வேறு என்று முதல் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை போட்டிருக்கலாம்.

வேறு வழி இல்லையா என்றால், உண்டு. இங்கிலீஷிலிருந்து அரபிக்குப் போக முனீர் பஅல்பக்கீயின் 'அல் மவ்ரித்', 1967-ல் பெய்ரூட்டில் வந்தது. அரபியிலிருந்து இங்கிலீஷுக்கு ஹன்ஸ் வேர். ஜெர்மனில் 1952, இங்கிலீஷில் 1961. வேரில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் எந்த ஒட்டு, அது ஆளுக்கா பொருளுக்கா என்று குட்டி அடையாளம் போட்டு, ஒட்டு மாறினால் அர்த்தம் எப்படி மாறும் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அந்த வேலைக்காக அரபிப் புத்தகங்களைப் படித்துச் சொற்களைச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தவர்களில் ஹெட்விக் க்ளைன் என்று ஒரு பெண். ஹாம்பர்க்கில் வளர்ந்த யூதர், அரபி படித்தவர். 1939 ஆகஸ்டில் பம்பாய்க்குக் கப்பல் ஏறினார். போர் நெருங்கவே கப்பல் பாதி வழியில் திரும்பிவிட்டது. 1942 ஜூலையில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார், அதோடு சரி. 1952 பதிப்பின் முன்னுரையில் உதவியவர்களுக்கான நன்றியில் அவர் பெயர் உண்டு, என்ன ஆனார் என்பது இல்லை. அகராதியில் 'தர்ஹீல்' இருக்கும் பக்கத்தைத் திறந்தால் எனக்கு இப்போதெல்லாம் ஷார்ஜா சீட்டு ஞாபகம் வருவதில்லை.

தம்பிக்கு என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரு பென்சில் கொடுத்தேன். உட்கார்ந்து நாற்பது வினைகளுக்கு ஒட்டுச்சொல்லை ஓரத்தில் எழுதினோம். 'அக்லஅ' பக்கத்தில் 'அன்' எழுதும்போது அவரே சிரித்துவிட்டார். மீதியை அங்கே போய் எழுதிக்கொள்ளட்டும் என்று என்னுடைய பச்சை அட்டை வேரைக் கொடுத்திருக்கிறேன். ஷார்ஜாவில் இரண்டாவது மாதச் சம்பளத்தில் வாங்கியது. கடன்தான். அதை வாராக்கடனில் எழுதுவதா, கேரி ஃபார்வர்ட் பண்ணுவதா என்று அவருடைய முதல் லீவில் பார்த்துக்கொள்ளலாம்.