பாலைத் திணையும் தேரிக் கற்கருவிகளும்

தமிழிலக்கியத்தைத் தொல்பொருளாராய்ச்சியோடு இணைத்துக் காணும் வழக்கம் பெருகி வருகின்றது. அது வரவேற்கத் தக்கதே. ஆயினும் அவ்விணைப்பு எங்கு நிற்றல் வேண்டும் என்னும் வரையறை இல்லாவிடின் இரு துறைக்கும் கேடு விளையும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகள் பற்றி வழங்கும் ஒரு கருத்தினை இதற்குச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். தேரி மணற்பரப்பு, நீரற்ற மணற்பரப்பு பாலை, பாலைக்குரியோர் எயினர், ஆகவே அக்கருவிகள் எயினர் செய்தவை என்பதே அக்கருத்து. திருவண்ணாமலையில் முதுகலை மாணவர்க்கு யாமும் சில காலம் இதனையே கூறிவந்தோம். ஆதலின் இம்மறுப்பு முதற்கண் எம்மையே நோக்கியதாகும்.

முதலில் கல்லை நோக்குவோம். தேரிக் கருவிகளை முறையாக ஆராய்ந்து 1956-இல் கட்டுரை வெளியிட்டோர் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் ஆவர். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் முதலிய இடங்களில் கிடைத்த அக்கருவிகள், வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்சிலும் செர்ட்டு என்னும் கல்லிலும் அமைந்தவை. கருக்கல்லைத் தட்டிச் சில்லுகளைப் பெயர்த்தனர். ஒரு விளிம்பை மழுக்கி மறுவிளிம்பைக் கூராக விட்டனர். பிறை வடிவினவும் அம்புமுனை போல்வனவும் ஆக்கினர். சிலவற்றின் இருபுறமும் அழுத்திச் செதுக்கிய நுண்தழும்புகள் உள. தட்டிப் பெயர்த்தல் ஒரு திறம்; அழுத்திச் செதுக்கல் அதனினும் நுண்ணிய மற்றொரு திறம். இவை செய்தவன் கையின் பயிற்சியைக் காட்டும். அவன் குலப்பெயரைக் காட்டா.

இனிக் காலத்தை நோக்குவோம். அவ்விருவரும் பழைய கடல்மட்ட நிலையோடு ஒப்பிட்டு இக்கருவிகளுக்கு ஏறத்தாழ கி.மு. 4000 எனக் காலம் கூறினர். இது மணலையும் கடலையும் கொண்டு உய்த்துணர்ந்த காலமேயன்றிக் கருவிகளினின்று நேரே அளந்த காலமன்று. எனினும் சங்கப் பாடல்களுக்கும் இக்கருவிகளுக்கும் இடையே பல்லாயிரம் ஆண்டு இடைவெளி உண்டென்பது இதனாற் பெறப்படும். பாடல்கள் காட்டும் உலகமோ இரும்பு வழங்கிய உலகம். தேரிப் பகுதிக்கு அணித்தாகிய ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோதே இரும்புப் பொருள்கள் மிகுதியாக வெளிப்பட்டன. சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்லும் எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் 2025-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. இரும்பு வந்த பின்னரும் கல் வழக்கொழியாது நின்றிருத்தல் கூடும். ஆகவே, கல் என்பது கொண்டு காலம் துணிதலும் அரிது. காலம் துணியாது குலம் துணிதல் அதனினும் அரிது.

‘தேரி பாலையன்றோ’ எனின், அதுவும் பொருந்தாது. கருவிகள் சிலவற்றில் செந்நிறக் கறை ஏறியுள்ளது. மணலிலுள்ள இரும்புச்சத்து ஈரம்பட்டு நெடுங்காலம் மாறியதாலேயே தேரி சிவந்தது. கருவி செய்தோர் கடற்கழிகளை அடுத்து மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தனர் என்பதே அவ்வாராய்ச்சியாளர் கருத்து. அங்ஙனமாயின் திணைப்பாகுபாட்டின்படியும் அவர் நெய்தலுக்கு அணுக்கராவரேயன்றிப் பாலைக்குரியோர் ஆகார்.

இராசத்தானத்துத் தார்ப் பாலைநிலமும் இதனையே உணர்த்தும். தித்வானாவில் மிசுரா முதலியோர் ஒரு மணற்குன்றை ஆழ அகழ்ந்து ஆராய்ந்தனர். அதன் அடுக்குகளில் பழங்கற்காலக் கருவிகள் கிடைத்தன. வறட்சியும் ஈரமும் மாறிமாறி வந்தமையும் புலனாயிற்று. இன்று பாலையாகக் காணப்படும் நிலம் கருவி செய்தோன் காலத்திலும் பாலையாகவே இருந்தது என்று கொள்ளுதல் தவறு.

வியப்பு யாதெனின், இவ்வுண்மையை நம் இலக்கணம் முன்னரே ஒருவாறு அறிந்திருந்தமையே. தொல்காப்பியம் நானிலம் வகுத்துத் தெய்வம் கூறுமிடத்துப் பாலைக்குத் தனிநிலம் கூறவில்லை, பொழுதே கூறிற்று. சிலப்பதிகாரக் காடுகாண் காதையும் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையையே பாலை என்கின்றது. எனவே பாலை என்பது இடத்தினும் காலத்தைச் சார்ந்தது. எம் ஊரிலிருந்து மேற்கே செங்கம் செல்லும் வழியில் சித்திரை வெயிலில் நடப்போன் அந்நிலத்தைப் பாலை என்றே கூறுவான். அச்செங்கத்துத் தலைவன் நன்னனைப் பாடிய மலைபடுகடாமோ அருவியும் விளைச்சலும் மிக்க நாட்டைக் காட்டுகின்றது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பொய்யெனல் ஆகாது.

ஆகவே இலக்கியத்தினின்று நாம் பெறத் தக்கது, கருவிகளுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டன்று. நிலத்தின் இயல்பு திரியும் என்னும் நோக்கேயாம். கருவியின் செய்முறையைத் தழும்பு கூறட்டும். காலத்தை மண்ணடுக்கு கூறட்டும். எயினரைப் பற்றிப் பாடல் கூறட்டும். இம்மூன்றும் ஒத்த இடத்தில் மட்டுமே முடிபு கூறுதல் ஆராய்ச்சி அறம். தேரியைப் பற்றி ஆய்வேடு எழுதப் புகும் மாணவர், எம் பழைய வகுப்புக் குறிப்பில் எயினர் எனக் கண்ட இடத்தை அடித்துவிட்டுத் தொடங்குவாராக.