வாய்ச்செபம் தாழ்ந்ததா? கத்தோலிக்க வீட்டுச் செபத்தின் வழிகளும் அளவுகோல்களும்

கோவாவிலிருந்து புறப்பட்ட யோசேப்பு வாஸ் அடிகள் 1687-இல் யாழ்ப்பாணத்தில் கால்வைத்தபோது குருவின் அங்கியில் வரவில்லை. கூலியாளின் உடை, கழுத்தில் ஒரு செபமாலை. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை விரட்டி, வழிபாட்டையும் தடைசெய்திருந்தார்கள். யார் வீட்டில் பழைய விசுவாசம் இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்க வழியில்லை. வீடுவீடாக இரந்து நின்ற அடிகள், செபமாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் மறைந்திருந்த கத்தோலிக்கர்களைக் கண்டுபிடித்தார்; சில்லாலைக் கிராமம் அவருக்கு இடம் கொடுத்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பூசையும் பாவசங்கீர்த்தனமும் இல்லாமல் கிடந்த மக்கள் அவர்கள். அவர்கள் கைவசம் எஞ்சியிருந்தது வீட்டில் சொல்லிவந்த செபம்தான்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (1992) செபத்தை மூன்றாகப் பிரிக்கிறது: வாய்ச்செபம், தியானம், இறைவனை நோக்கிச் சும்மா இருக்கும் ஆழ்ந்த மௌனம். இவற்றை ஏணியாக எண்ணி, வாய்ச்செபத்தை அடிப்படியில் உட்காரவைக்கும் வழக்கம் படித்தவர்களிடம் உண்டு. செபமாலையை வெறும் முணுமுணுப்பு என்று சொல்லிவிடுவது எளிது.

அவிலா தெரசா அப்படிச் சொல்லவில்லை. மனத்தியானத்துக்கே ஆசிரியராகப் போற்றப்பட்டு, 1970-இல் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டவர் அவர். தம் 'நிறைவின் வழி' நூலில் வயதான கன்னியர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். தமக்கு வாய்ச்செபம் தவிர எதுவும் வரவில்லை என்று அந்தக் கன்னியர் தெரசாவிடம் வருந்தினாராம். எப்படிச் செபிக்கிறீர்கள் என்று விசாரித்தபோது, கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லிக்கொண்டே அவர் ஆழ்ந்த மௌன நிலையை எட்டியிருந்தது தெரிந்தது. அந்த வாய்ச்செபத்தின் மேல் தமக்குப் பொறாமை வந்ததாகவே தெரசா எழுதுகிறார். தியானத்தின் பேராசிரியையே இப்படிச் சொன்ன பிறகு நம் பாட்டிமாரைக் குறைசொல்ல யாருக்கு உரிமை?

தமிழ் மண்ணில் இந்த மரபு தொடங்கியதே வாய்வழியாகத்தான். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அடிப்படைச் செபங்களை உள்ளூர்க்காரர் துணையுடன் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். அவர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள்; வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். என்றீக்கஸ் அடிகளின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் பதினாறே பக்கத்தில் அச்சேறியது 1578-இல். புத்தகம் வருமுன்பே செபம் வாய்க்கு வந்துவிட்டது.

இன்றைய மாலைச் செபத்திலும் அந்த அமைப்பு மாறவில்லை. ஒருவர் தொடங்க, மற்றவர்கள் முடிப்பார்கள். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை. திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை. வியாழனுக்குரிய ஒளியின் மறையுண்மைகளை இரண்டாம் யோவான் பவுல் 2002-இல்தான் சேர்த்தார். பிறகு மாதா பிரார்த்தனை. அதற்குள் கடைக்குட்டி பாயில் சாய்ந்திருக்கும். பதில் மட்டும் தூக்கத்திலும் தப்பாது. முடிந்ததும் பெரியவர்களிடம் 'தோத்திரம்' சொல்லி நெற்றியில் சிலுவை வாங்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு.

இஞ்ஞாசியார் வழி வேறு. அங்கே மணி உருட்டுவது இல்லை, கணக்குப் பார்ப்பது உண்டு. 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவரது 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் வாரத்தின் நாள்களுக்குக் கோடுகள் போட்ட ஓர் அட்டவணை இருக்கிறது. விட்டுவிட நினைக்கும் ஒரு குற்றத்தைத் தேர்ந்துகொண்டு, நாளுக்கு இருமுறை ஆத்தும சோதனை செய்து, விழுந்த தடவைகளைப் புள்ளியாகக் குறிக்க வேண்டும். நேற்றையதையும் இன்றையதையும் ஒப்பிட வேண்டும். மளிகைக் கணக்கு மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் செபம் நடத்தையைத் தொடுகிறதா என்று பார்க்க இதைவிட நேரான வழி இல்லை.

இறைவார்த்தையை மெல்ல வாசித்து அசைபோடும் பெனடிக்ட் சபை மரபு தமிழ்நாட்டில் வீடுகளுக்குள் அதிகம் வரவில்லை. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் அதற்குக் காவிரிக்கரையில் ஒரு முகம் கொடுத்தது. கைதட்டிப் பாடும் அருங்கொடை இயக்கம் 1967-இல் அமெரிக்காவில் பிறந்து இங்கே வேகமாகப் பரவியது.

வழிகள் பல என்றாலும் அளவுகோல் ஒன்றுண்டு. பக்தி முயற்சிகள் திருவழிபாட்டிலிருந்து ஊற்றெடுத்து மக்களை அதனிடமே கொண்டுசேர்க்க வேண்டும் என்றது இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1963). பூசை நேரத்தில் செபமாலை சொல்வது தவறு என்று 1974-இல் ஆறாம் பவுல் தெளிவாக எழுதினார். மனம் ஒன்றாமல், செபத்தின் வெளிச்சடங்கே பலன் தரும் என்று நம்புவது மூடநம்பிக்கை என்கிறது மறைக்கல்வி நூல். இந்த அளவுகோலுக்கு முன்னால் முதலில் தோற்பது, “ஒன்பது பேருக்கு அனுப்பு, கேட்டது கிடைக்கும்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் நவநாள்கள்தான். முன்பு அவை கோயில் பெஞ்சில் ஜெராக்ஸ் தாளாகக் கிடந்தன.

அளவுகோலுக்கு நிற்கும் பழையவை வேறு வகையில் ஆபத்தில் இருக்கின்றன. யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் (1676–1742) எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை ஈழத்துக் கத்தோலிக்கர்கள் தபசு காலத்தில் இராகமிட்டு வாசிக்கிறார்கள். நூல் அச்சில் கிடைக்கிறது. இராகத்தைக் கேட்டுத்தான் கற்க வேண்டும். மாதா பிரார்த்தனைக்கும் ஊருக்கொரு மெட்டு. அவற்றைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. பங்கு இளைஞர் குழுக்கள் வரும் தபசு காலத்திலேயே அவர்கள் வீட்டுக்குப் போய், கைப்பேசியிலாவது முழுமையாகப் பதிவுசெய்து வைக்கட்டும்.