மஞ்சட் சீட்டும் கல்லிட்ட கடிஞையும்

ஒரு நாட்டிற் குடிபுக விரும்பி வாயிலில் வந்து நிற்பவனை அந்நாடு வினவும் வினாக்கள் பல. பெயர் யாது, பிறந்த ஊர் யாது, செய்தொழில் யாது என்பன அவற்றுள் எளியவை. 'முன்னர் எப்போதேனும் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றதுண்டா?' என்பதே கடியது. அமெரிக்க ஐக்கிய நாடு 1875ஆம் ஆண்டுச் சட்டத்தால், பிறநாட்டில் தண்டனைக்கு உட்பட்ட குற்றவாளிகள் தன் கரையில் இறங்குவதைத் தடுத்தது. அரசியற் குற்றத்திற்கு மட்டும் விலக்களித்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் 'ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றம்' எனப் பொருள்படும் தொடரைக் குடியேற்றச் சட்டத்துட் புகுத்தியது. அத்தொடர் இன்றும் ஆங்கு வழக்கில் உள்ளது. அந்நாட்டு விசா விண்ணப்பம், மன்னிப்புப் பெற்ற குற்றத்தையும் மறையாது கூறுக என்கின்றது. ஆஸ்திரேலியாவின் 1958ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், இன்றுள்ள வடிவில், பன்னிரு திங்களோ அதனின் மிக்கோ சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றவனை ஒழுக்கத் தேர்வில் தேறாதவனாகக் கொள்ள இடந்தருகின்றது. சிறைக்கதவு திறந்த பின்னும் தண்டனையின் ஒரு கூறு முடிவதில்லை என்பது இவற்றால் விளங்கும்.

சட்ட நூலார் இதனைச் சட்ட நெறியில் நின்று ஆராய்வர். இலக்கிய மாணவராகிய நமக்கு உரிய வினா வேறு. குற்றமுற்றுத் தண்டனையும் துய்த்தவன் ஒருவன் மீண்டும் மக்களிடையே இடம்பெறுதல் எவ்வாறு கூடும் என்பதைப் பெரும்புலவர் எவ்வாறு கண்டனர் என்பதே அது. இதற்கு விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட பிரெஞ்சுப் புதினத்தையும், நம் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாற்றையும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று மற்றொன்றைத் தழுவியது என்பது எம் கருத்தன்று. நாடும் காலமும் சமயமும் வேறாகிய இரு நூல்கள் ஒரே இடத்தில் வந்து தயங்கி நிற்பதைக் காட்டுதலே எம் நோக்கம்.

பொதுக் கருத்து

'ஏழை படும் பாடு' எனச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கித் தந்தமையாலும், அப்பெயரிலேயே 1950இல் திரைப்படம் வெளிவந்தமையாலும் ஹியூகோவின் புதினம் தமிழர்க்கு நன்கு பழகியது. அதனைப் பற்றி வகுப்பறையிற் பேசுங்கால் மாணவர் முதற்கண் கூறுவது வெள்ளி விளக்குத் தண்டுகளையே. தம் வீட்டு வெள்ளிக் கலங்களைத் திருடிச் சென்றவனைக் காவலர் பிடித்துக் கொணர, அவை தாம் கொடுத்தனவே என்று கூறி, விளக்குத் தண்டுகளையும் சேர்த்து அளிக்கின்றார் மேற்றிராணியார். அருள் ஒரு கள்வனைத் திருத்தியது. இதுவே நூற்பொருள் என்பர் பலர். இக்கருத்துப் பிழையன்று, ஆயினும் நிறைவுடையதன்று. அருள் அவன் உள்ளத்தைத் திருத்தியது உண்மை. திருந்திய உள்ளத்தோடு அவன் வாழ்தற்கு ஓர் ஊர் வேண்டுமன்றோ? அவ்வூர் அவனுக்கு எவ்வாறு கிடைத்தது? இவ்வினாவை எழுப்பின் புதினத்தின் வேறொரு முகம் தோன்றும்.

மஞ்சட் சீட்டு

ஜான் வால்ஜான் 1795இல் ஓர் அப்பம் திருடினான். அதற்கு ஐந்தாண்டுத் தண்டனை. தப்ப முயன்ற குற்றங்களால் அது பத்தொன்பது ஆண்டுகளாக வளர்ந்தது. 1815 அக்டோபரில் தூலோன் சிறையினின்றும் வெளிவருகின்றான். கையில் நூற்றொன்பது பிராங்கும் சில்லறையும், மஞ்சள் நிறக் கடவுச்சீட்டும் உள்ளன. அச்சீட்டு அவன் செல்லவேண்டிய ஊரையும் வழியையும் குறிக்கின்றது. அவன் யார் என்பதையும் படிப்பவர்க்கெல்லாம் பறைசாற்றுகின்றது. இது புலவர் படைப்பு மட்டும் அன்று. விடுதலை பெற்றோரை அரசின் கண்காணிப்பில் வைக்கும் முறையை 1810ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தண்டச் சட்டம் வகுத்திருந்தது.

தீஞ் நகரில் அவன் விடுதியை அணுகுகின்றான். விலைகொடுத்தே உணவு கேட்கின்றான். விடுதியாளன் நகர மன்றத்திற்கு ஆள் விடுத்து உசாவி அறிந்து துரத்துகின்றான். அடுத்த உணவகமும் அவனை ஏலாது. சிறையின் கதவைத் தட்டி ஓரிரவு தங்க இடம் வேண்டுகின்றான். குற்றஞ் செய்து பிடிபட்டு வந்தாலன்றிச் சிறையிலும் இடமில்லை எனப்படுகின்றது. நாயின் குடிலும் அவனை ஏற்கவில்லை. அவன் பத்தொன்பது ஆண்டு வாழ்ந்த சிறையே இப்போது அவனுக்கு அயல்நாடு ஆயிற்று என்பதை நோக்குக. உள்ளே இருந்தகாலை வெளியே விடாத கதவு, வெளியே வந்தபின் உள்ளே விடவில்லை. குற்றவாளியாக மீளின் மட்டுமே அவனுக்கு உரிய இடம் ஒன்று உண்டு. மீண்டும் குற்றஞ் செய்வோர் ஏன் செய்கின்றனர் என்னும் வினாவிற்கு ஆசிரியர் இக்காட்சியிலேயே விடை வைத்துள்ளார்.

கேளாத வாயில்

மேற்றிராணியாரிடம் விடைபெற்ற வால்ஜான், டிசம்பர் மாதத்து மாலை ஒன்றில் வேறோர் ஊரில் நுழைகின்றான். அவ்வமயம் நகர மன்றத்தில் தீப்பற்றியது. அவன் தீயிற் பாய்ந்து இரு குழந்தைகளை மீட்கின்றான். அவர்கள் காவற்படைத் தலைவனின் மக்கள். ஆதலின் அவனிடம் கடவுச்சீட்டைக் கேட்க எவரும் எண்ணவில்லை. மதலேன் என்னும் புதுப்பெயரோடு அவ்வூரில் தொழில் வளர்த்து, 1820இல் நகரத் தலைவனும் ஆகின்றான்.

இவ்விடம் விரைந்து படிப்போர் கண்ணிற் படாது போகும் சிறு குறிப்பு. ஆயினும் புதினத்தின் பெரும்பகுதி இதன்மேல் நிற்கின்றது. சீட்டைக் கேட்டிருப்பின் ஆலை இல்லை, மருத்துவமனைக் கட்டில்கள் இல்லை, பள்ளிகள் இல்லை. மேற்றிராணியாரின் அருள் அவனுக்கு உள்ளத்தைத் தந்தது. ஊரைத் தந்ததோ ஓர் அலுவலரின் மறதி. அருளின் ஆற்றலைப் பாடவந்த ஆசிரியரே அதன் எல்லையையும் இவ்வாறு வரைந்து காட்டினார்.

இதனினும் கூரிய ஓரிடம் உண்டு. மதலேனின் ஆலையில் வேலை வேண்டுவோர் ஒழுக்கமுடையவராக இருத்தல் வேண்டும் என்பது விதி. ஃபான்தீன் மணமாகாது ஒரு குழந்தைக்குத் தாயானவள் என்பது தெரிந்தவுடன், மேற்பார்வையாட்டி நகரத் தலைவரின் பெயரால் ஐம்பது பிராங்கைக் கொடுத்து, ஊரைவிட்டு நீங்குமாறு அவளுக்குக் கூறுகின்றாள். மதலேன் அதனை அறியான். ஆயினும் விதி அவனுடையது. வினவப்படாமையால் வாழ்வு பெற்றவனின் வாயில் பிறரை வினவுகின்றது, வினவித் துரத்துகின்றது. வால்ஜானைக் களங்கமற்ற சான்றோனாக மட்டும் காணும் திறனாய்வு இதனை விட்டுச்செல்கின்றது. அவ்வாறு விடுதல் நூலுக்கு இழைக்கும் குறையாகும். நல்லோர் கையில் இருப்பினும் பழமை துருவும் விதி தன் வேலையைச் செய்தே தீரும் என்பது ஈண்டுப் பெறப்படும்.

இறுதியில் வால்ஜான் தன் வளர்ப்பு மகளின் கணவனாகிய மாரியுசிடம், எவரும் கேளாதிருக்கவும், தன் பழமையைத் தானே கூறுகின்றான். மாரியுசு சினந்து துரத்தவில்லை. கீழறையில் அவனுக்காக மூட்டப்பெற்ற தீ ஒருநாள் மூட்டப்பெறவில்லை. பின்னொருநாள் நாற்காலிகள் கதவருகே கிடந்தன. பின்னர் அவையும் இல்லாதொழிந்தன. ஒரு சொல்லும் கூறாது நாடுகடத்தும் முறை இது. விடுதியாளனின் கூச்சலினும் இம்மௌனம் கொடியது.

கல்லிட்ட கடிஞை

இனி ஆபுத்திரனை நோக்குவோம். வேள்விக்கெனக் கட்டிவைத்த பசு அஞ்சி அலறுவது கண்டு, இரவில் அதனை அவிழ்த்துக்கொண்டு செல்கின்றான், பிடிபட்டு அடியுண்கின்றான். தொடர்ந்த சொல்லாடலில் அவன் பிறப்பும் இழித்துரைக்கப்படுகின்றது. வளர்த்த தந்தையும் கைவிடுகின்றான். பின்னர் அவன் செல்லும் அந்தணர் ஊர்தோறும் சோறு வீழவேண்டிய கடிஞையிற் கல் வீழ்கின்றது.

இவ்வரலாற்றைப் பிறப்புப் பற்றிய வழக்காக மட்டும் கொண்டு ஆராய்வோர் உளர். அச்சொல்லாடல் காவியத்தில் விரிவாக இடம்பெறுவதால் அக்கருத்து எழுதல் இயல்பே. ஆனால் ஊரார் கல்லிடுங்கால் அவனுக்குச் சூட்டும் பெயர் பசுவைக் கவர்ந்த கள்வன் என்பதே. பிறப்பை அவர்கள் ஆங்குச் சுட்டவில்லை. பிறப்பு இழிவு வாதத்திற்குப் பயன்பட்டது. குற்றப் பெயரே வாயிலை அடைக்கப் பயன்பட்டது. ஓர் ஊரிற் பெற்ற பெயர் அவனுக்கு முன்னரே அடுத்த ஊரை அடைந்துவிடுகின்றது. தாளும் மையும் இன்றியே சாத்தனார் எழுதிக்காட்டிய மஞ்சட் சீட்டு அக்கல்.

அவனை ஏற்றது தென்மதுரை. சிந்தாதேவி கோயிலின் முன்றிலில் அமர்ந்து, செல்வர் தெருக்களில் இரந்து, குருடர் செவிடர் முடவர் நோயாளர் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதை உண்டு, கடிஞையே தலையணையாகத் துயில்கின்றான். மதுரை அவனை வினவியதாகக் காவியம் கூறவில்லை. ஈண்டும் கேளாத வாயிலே வாழ்வு தருகின்றது. அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வருவது அதன் பின்னரே.

பின்னர்ச் சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிவது கேட்டுக் கலமேறுகின்றான். இடையில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுக் கலம் சென்றுவிடுகின்றது. ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லாத அத்தீவில் உண்ணாது உயிர்விடுகின்றான். சாவக நாட்டை அவன் அடைகின்றான். ஆனால் மறுபிறப்பில், புண்ணியராசன் என்னும் வேறு பெயரோடு, அரசனாக அடைகின்றான். சாவகம் அவனை மறுத்ததன்று. காற்றும் வினையும் செய்தது அது. எனினும் கதையின் அமைப்பு கருதத்தக்கது. கல்லேற்ற கையோடு கடலைக் கடக்க இயலாதவன், புதிய உடம்போடு அந்நாட்டில் தோன்றுகின்றான். ஹியூகோவுக்குப் புதுப்பெயர் செய்ததைச் சாத்தனார்க்குப் புதுப்பிறவி செய்தது.

வேறுபாடும் உண்டு. புண்ணியராசன் பின்னர் மணிபல்லவம் வந்து தன் முற்பிறப்பை உணர்ந்து, பண்டைத் தன் என்புகளையே காண்கின்றான். பழமை வெளிப்பட்டும் அவன் இழந்தது ஒன்றுமில்லை. வால்ஜானோ பழமையைக் கூறியதால் வீட்டையும் மகளையும் இழக்கின்றான். பௌத்தக் காவியம் பழமையை அறிவாக ஆக்கியது. பிரெஞ்சுப் புதினத்தில் அது கடைசிவரை குற்றச்சாட்டாகவே நின்றது.

ஒரு தடையும் விடையும்

ஒரு நாடு தன் மக்களைக் காக்கக் கடமைப்பட்டதன்றோ, வருவோனின் பழமையை அறியாது கதவைத் திறத்தல் தகுமோ எனக் கேட்கலாம். இது புறக்கணிக்கத்தக்க தடை அன்று. ஹியூகோவே இதனை மறைக்கவில்லை. மேற்றிராணியாரின் அருளைப் பெற்றுச் சென்ற அன்றே வால்ஜான் ஒரு சிறுவனின் நாற்பது சூ நாணயத்தைக் காலடியில் மறைத்துக் கவர்ந்தான். ஆகவே ஐயுற்றவர் அனைவரும் அறிவிலிகள் அல்லர்.

இத்தடையை எதிர்நோக்க நாம் மூவகை வாயில்களைப் பகுத்துக் காணல் வேண்டும். கேட்டு மறுக்கும் வாயில் ஒன்று. கேளாது ஏற்கும் வாயில் ஒன்று. அறிந்து ஏற்கும் வாயில் ஒன்று. முதலாவது தீஞ் நகரமும் அந்தணர் ஊர்களும். இரண்டாவது வால்ஜான் தலைவனான ஊரும் மதுரையும். இரண்டாவதனை நாம் போற்றுகின்றோம். ஆயினும் அதனை நெறியாகக் கொள்ள இயலாது. மறதியின்மேல் கட்டிய வாழ்வு, நினைவு வந்த அன்று இடிந்துவிடும். ஜாவேர் வந்த அன்று மதலேனின் வாழ்வு இடிந்ததே சான்று. அவன் பின்னர் அவ்வூரும் நலிந்தது.

மூன்றாம் வாயிலோ இரு நூலிலும் அரிது. மேற்றிராணியாரின் வீட்டில் வால்ஜான் தன் சீட்டைத் தானே படித்துக் காட்டுகின்றான். அவர் கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு இடுமாறு பணிக்கின்றார். ஆனால் அது ஒரு வீடு, ஓர் இரவு. சிந்தாதேவி அறிந்தே அமுதசுரபி தந்தாள்; ஆனால் அவள் தெய்வம். அறிந்து ஏற்ற நகரமோ அரசோ இரு நூலிலும் இவ்விருவர்க்கும் வாய்க்கவில்லை. அருளாளரைப் படைக்க வல்ல புலவர் இருவரும் அத்தகைய ஓர் ஊரைப் படைக்கத் துணியவில்லை. இதனை அவர்தம் குறை என்னோம்; தம் காலத்து உண்மையை மீறிப் பொய் கூறாமை என்போம்.

முடிபு

ஹியூகோ இதனை நூலறிவால் மட்டும் எழுதியவர் அல்லர். 1851இல் நாடு நீங்கி, 1855இல் ஜெர்சித் தீவினின்றும் வெளியேற்றப்பட்டு, குவெர்ன்சித் தீவில் வாழ்ந்த காலத்திலேயே இப்புதினத்தை முடித்தார். தோற்ற பாரிஸ் கிளர்ச்சியாளர்க்கு வீடு திறந்திருக்கும் என்றமையால் 1871இல் பெல்ஜியமும் அவரை வெளியேற்றியது. அவர் 1885 மே 22இல் மறைந்தார். ஐந்து நாள் கழித்து வந்த சட்டம் பழைய கண்காணிப்பு முறையை நீக்கியது. ஆனால் அதே சட்டம் குறித்த இடங்களிற் புகாத் தடையையும், மீளமீளக் குற்றஞ் செய்வோரைக் கடல்கடந்த நிலங்கட்கு அனுப்பும் முறையையும் கொணர்ந்தது. சீட்டின் நிறம் மாறியது, சீட்டு ஒழியவில்லை.

இன்றைய சட்டங்களுள் மூன்றாம் வாயிலை நோக்கிய முயற்சிகள் சில உள. கனடா நாட்டில், வெளிநாட்டிற் குற்றஞ் செய்தவன் தண்டனை முற்றி ஐந்தாண்டு கழிந்தபின், தான் திருந்தியமையைக் காட்டி நுழைவுரிமை வேண்டலாம். அது மறதியும் அன்று, மறுப்பும் அன்று. இத்தகைய விதி எத்துணைப் பேர்க்கு உண்மையிற் பயன்படுகின்றது என்பது வேறு ஆராய்ச்சி. ஆயினும், என் செய்தாய் என்பதோடு அமையாது, அதன்பின் எவ்வாறு வாழ்ந்தாய் என்றும் கேட்கும் வாயில் அது. இரண்டாம் வினாவைத் தீஞ் நகரம் வால்ஜானிடம் கேட்கவில்லை. கல்லிட்டோர் ஆபுத்திரனிடம் கேட்கவில்லை. கேட்டிருப்பின் இரு நூலும் வேறாக முடிந்திருக்கும்.